சீர்திருத்தத் திருநாள் காலை

அக்டோபர் முப்பத்தொன்று, மேட்டூரில் காலை ஏழு மணி. அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அற்புதராஜ், லுத்தரன் சபையின் தினத் தியானப் புத்தகத்தை மருமகள் ஜெனிட்டாவிடம் நீட்டுகிறார். கத்தோலிக்க வீட்டிலிருந்து அவள் இங்கே வாழவந்து எட்டு மாதம் ஆகிறது. லுத்தர் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்து எழுந்ததை நினைவுகூரும் சீர்திருத்தத் திருநாளான இன்றுதான் முதன்முறையாக வாசிக்கிறாள். சன்னல் வெயில் பக்கத்தின் மேல் விழுகிறது. "விசுவாசத்தினாலே" என்று லுத்தர் போராடிய சொல்லில்கூட அவள் குரல் தடுமாறவே இல்லை. அதுதான் அவரை உறுத்துகிறது. இடக்கை மட்டும் முந்தானைக்குள் இருக்கிறது. உள்ளே விரல்கள் அசைகின்றன. ஜெபமாலைதான், அதுவும் இன்றைக்கு! அடுக்களையில் குக்கர் விசிலடிக்கிறது, இருவரும் எழவில்லை.

"கைக்குள்ள என்ன, சாமி?"

"ஒண்ணுமில்லீங்க மாமா."

"காட்டு பாக்கலாம்."

அவள் உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைக்கிறாள். வெறும் கை, மஞ்சள் கறை மட்டும் இருக்கிறது. "சரி, ஜெபம் பண்ணலாம்" என்று அவர் கண்களை மூடுகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு கண் திறந்துகொள்கிறது. அவள் கட்டைவிரல் சுண்டுவிரலின் கணு ஒன்றைத் தொடுகிறது. உதடுகள் அசைந்து முடிந்ததும் அடுத்த கணுவுக்கு நகர்கிறது. பத்தில் நிறுத்தினால் மணியில்லாத ஜெபமாலைதான்; எங்கே நிறுத்துகிறாள் என்று பார்க்க, அவரும் கூடவே எண்ணத் தொடங்குகிறார்.