அடியில் எலுமிச்சைச் சாறு

அன்று மழை பெய்ததா என்று சரியாக நினைவில்லை. சன்னலில் வெளிச்சம் மங்கலாக இருக்கிறது. அம்மா வழக்கம்போல அப்பாவின் மதியச் சாலட்டைக் கண்ணாடிப் புட்டியில் அடுக்குகிறாள். அடியில் எலுமிச்சைச் சாறு, அதன்மேல் வெந்த முழுக்கோதுமை, வெள்ளரித் துண்டுகள், உச்சியில் கீரை. சாறு படாமல் இருந்தால்தான் கீரை மதியம்வரை வதங்காது. அப்பாவுக்கு வேலை போய் மூன்று வாரம் ஆகிறது. எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு தினமும் கிளம்பிப் போகிறார். இன்று அம்மா புட்டியைக் கவிழ்த்துக் குலுக்குகிறாள். "என்ன பண்றே? மதியத்துக்குள்ள சொதசொதன்னு ஆயிடுமே!" என்கிறார் அப்பா. "மதியம் வரைக்கும் எதுக்குங்க? இங்கயே உக்காந்து சாப்பிடுங்க." அப்பா குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கிறார். பிறகு கண்ணாடியில் கரண்டி இடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. அதன்பிறகு அப்பாவுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. அம்மா வேலைக்குப் போனாள். நான் கல்யாணமாகி வெளியூர் போனேன். அம்மாவின் புட்டியைக் கடைசிவரை அப்பாதான் அடுக்கினார்.