கட்டைவிரலில் இசைக்கவை

பரிசோதனை அறைக் கட்டிலின் பாதியில் வெயில் விழுந்திருக்கிறது. பேருந்து ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டு, டாக்டர் சொன்னபடி கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். இன்று தேறினால்தான் மறுபடி வண்டியைத் தொடலாம். அவர் மனைவியின் தம்பி, அதே வண்டியின் நடத்துநர், துணைக்கு நிற்கிறான். மேசையில் ரத்தப் பரிசோதனை முடிவு படபடக்கிறது: வைட்டமின் பி12 தரைமட்டம், ஹோமோசிஸ்டீன் உச்சம். ஹோமோசிஸ்டீன் உடலே ஓயாமல் உண்டாக்கும் பொருள்தான். பி12-உம் ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமினும் இருந்தால் உடல் அதை உடனுக்குடன் நல்லதாக மாற்றிவிடும்; இல்லாவிட்டால் அது ரத்தத்தில் தேங்கும். பி12 கிடைக்காத நரம்பின் உறையும் மெல்ல நைந்துபோகும். அப்போது பெரும்பாலும் முதலில் மங்கிப்போவது அதிர்வை உணரும் திறன், அதுவும் கால் நுனியில். டாக்டர் இரண்டு கிளை கொண்ட எஃகு இசைக்கவையை உள்ளங்கையில் தட்டுகிறார். ரீங்கரிக்கும் அதை ஓட்டுநரின் கால் கட்டைவிரலில் ஊன்றுகிறார். "அதிருதா?" "அதிராம என்ன டாக்டர், உச்சந்தலை வரைக்கும் ஏறுது." "பாத்து மாமா, பறந்துடப் போறீங்க," என்கிறான் நடத்துநர். டாக்டர் அவனைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். கவையை எடுத்து, கிளைகளைக் கைக்குள் இறுக்குகிறார். ரீங்காரம் நின்றுவிடுகிறது. செத்த எஃகை அதே விரலில் வைக்கிறார். "இப்போ?" "இது முன்னதைவிட ஜோரா இருக்கு டாக்டர்!" நடத்துநர் வாயைப் பொத்தியும் சிரிப்பு பீறிடுகிறது. டாக்டரும் சிரிக்கிறார். தேறிவிட்டோம் என்று, கண்ணைத் திறக்காமலே ஓட்டுநரும் சேர்ந்து சிரிக்கிறார்.