பிரஷ் மேடம்

"பையைத் தலைகீழாக் கொட்டு. சட்டைப் பையையும் வெளியே இழுத்து விடு!"

"அக்கா, இது படகுத்துறை இல்ல. உன் ஆபீஸ் ரூம்."

"கொட்டுன்னா கொட்டு!"

தம்பி கொட்டினான். ஒரு சீப்பு, ஒரு துண்டு, இறுக மூடிய சாப்பாட்டு டப்பா, மகளுடைய ரப்பர் பேண்ட் ஒன்று. வாசலில் நின்றிருந்த கிளார்க், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவர் போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் பறவைத் தீவுச் சரணாலயத்தின் பொறுப்பாளர். மந்திரியே வந்தாலும் செருப்பைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, பையைக் கவிழ்த்துக் காட்டினால்தான் படகில் ஏற விடுவாள். வெளியிலிருந்து ஒரு விதை, ஒரு எலி தீவுக்குள் போய்விடக் கூடாது. ஊரில் அவளுக்கு 'பிரஷ் மேடம்' என்றே பெயர். அந்தப் படகை ஓட்டுவது அவள் கூடப்பிறந்த தம்பி.

மேசை மேல் கிடந்த அட்டையை அவன் பக்கம் தள்ளினாள்.

நடுவில் சீக்கிரம் காயாத மை தடவி, ஓரத்தில் நிலக்கடலை விழுது வைத்து, தீவில் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் வைத்துவிட்டு வரும் அட்டை அது. எலி இருந்தால் தின்ன வரும். மையை மிதித்து, தன் காலாலேயே சாட்சி சொல்லிவிட்டுப் போகும். தீவில் எலியை ஒழித்த நாளிலிருந்து ஒரு அட்டையிலும் கால் பதிந்ததில்லை. நேற்று மாலை தீவிலிருந்து வந்து இறங்கிய அட்டைக் கட்டை, சரணாலயக் கமிட்டிக்கான அறிக்கை அச்சடிக்கும் அவசரத்தில் அவள் பிரித்துப் பார்க்காமல் மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். காலையில் வந்து பார்த்தால், மேல் அட்டையில் குட்டிக் குட்டியாகக் கறுப்புக் கால்கள்.

"இது என்னடா?"

"எலிக்கால்."

"தீவுக்கு நீந்தியா போச்சு? அங்க போற ஒரே படகு உன்னுது!"

"தினமும் பலகையெல்லாம் தூக்கிப் பாத்துட்டுத்தானேக்கா கயித்தையே அவுக்கறேன்?"

"நீ பாத்த லட்சணம்தான் தெரியுதே! தரையில முட்டை போடற பறவைடா. எலி புகுந்தா ஒரு குஞ்சு மிஞ்சாது. இன்னிக்குன்னு பாத்து கமிட்டி வருது. பத்து வருஷத் திட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு, எங்க வீட்டுப் பையனே எலியைக் கொண்டுபோய் விட்டான்னு சொல்லணும். குடும்ப மானத்தையே கப்பலேத்திட்டியேடா!"

"என் படகுல எலியும் ஏறல, மானமும் ஏறலக்கா."

கிளார்க்குக்கு வந்த சிரிப்பு இருமலாக மாறியது. அவளுக்குக் காது வரை சுட்டது. சொந்தக்காரன் என்றுதான் வேலை கொடுத்தாள் என ஊர் முணுமுணுத்தபோது, 'அவனுக்கு நான் ஜாமீன்' என்று இதே கமிட்டி முன்னால் மார்தட்டியவள் அவள்தான்.

"சாவியைக் குடு."

அவன் முகத்திலிருந்த விளையாட்டு செத்துப்போனது.

"அக்கா, இதை விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது."

"குடுடா!"

சாவியை மேசையில் வைத்தான். சீப்பு, துண்டு, டப்பா, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான். வாசல் வரை போனவன் நின்றான்.

"கமிட்டியில நீ தலைகுனியாதக்கா. எல்லாத் தப்பும் என் மேலேன்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

கமிட்டி வந்து உட்கார்ந்துவிட்டதாகச் சொன்ன கிளார்க், மேசையில் அட்டைக் கட்டுக்குப் பக்கத்தில் அச்சு இயந்திரத்திலிருந்து வந்தபடியே கவிழ்ந்து கிடந்த அறிக்கைப் பிரதிகளை அப்படியே அள்ளிக்கொண்டு போனார். மேலாக இருந்ததைக் கமிட்டித் தலைவருக்கு முதலில் கொடுத்தார்.

கமிட்டி அறையில் அவள் எழுந்து நின்றாள். உள்ளங்கையில் படகுச் சாவி குத்தியது.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். தீவுக்குள்ள மறுபடியும் எலி போயிடுச்சு. கொண்டுபோனது என் தம்பி ஓட்டற படகு. அவனை இப்பத்தான் வேலையை விட்டு நீக்கினேன். அவனுக்கு ஜாமீன் நின்ன எனக்கு உங்க முகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்கு."

தலைவர் மெல்லக் கைதட்டினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"கூடப்பிறந்தவன்னும் பாக்காம சட்டத்தை நிலைநாட்டியிருக்கீங்க. இதுல வெக்கப்பட என்னம்மா இருக்கு? உக்காருங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவு அவமானத்துக்கு நடுவிலும் அந்தக் கைதட்டல் அவளுக்கு இதமாகத்தான் இருந்தது.

தலைவர் தன் பிரதியைப் புரட்டிப் பார்த்தார். 'எலியில்லாத் தீவு' என்ற தலைப்பைப் படித்துப் பெருமூச்சு விட்டார். அப்படியே திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"டிசைன் பிரமாதம்மா! முன்னால எலியில்லாத் தீவுன்னு எழுதிட்டு, பின்னால குறுக்கும் நெடுக்குமா எலிக்காலா ஓட விட்டிருக்கீங்களே!"

அவள் பின்னட்டையை வெள்ளையாகத்தான் அச்சடித்திருந்தாள்.

"ஆனா ஒண்ணு," என்று தலைவர் கறுத்துப்போன தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "மைதான் இன்னும் காயல."