கறுப்பு வாத்து வானொலி

"மாசக் கடைசியில கணக்கெடுப்பு. ஊர்ல பாதிப் பேருக்காவது நம்ம வானொலி பேர் தெரியணும். இல்லேன்னா உன் காலை நிகழ்ச்சிக்கு மூடுவிழாதான்!"

ஒலிபரப்பு அறைக்குள்ளேயே வந்து கத்திவிட்டுப் போனார் மேலாளர்.

பெய்ஹுவா மறுநாளே பரிசு அறிவித்தாள். தினம் ஒரே ஓர் அழைப்பு. வானொலியின் பெயரைச் சரியாகச் சொன்னால் ஒரு மூட்டை அரிசி.

முதல் அழைப்பு தோங்காங் மீன் சந்தையிலிருந்து. மீன் உருண்டை சூப் விற்கும் தியன்.

"கறுப்பு வாத்து வானொலி!"

"இல்லண்ணே. வெள்ளை நாரை வானொலி."

அடுத்த நாளும் அவரே முந்திக்கொண்டார். "செவப்புக் கோழி!"

மூன்றாம் நாள், "ஊதாக் கொக்கு!"

சந்தையே சிரித்தது. அவர் கடையைத் தாண்டும் படகுக்காரர்கள், "வெள்ளை நாரைய்யா, வெள்ளை நாரை!" என்று கத்திக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூட வேனிலும் அதே கூச்சல்.

பெய்ஹுவாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இருபதாம் நாள் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, உங்க தலைக்குள்ள இருக்கறது மூளையா, மீன் உருண்டையா? ஒரு பேரை ஞாபகம் வச்சுக்க முடியாதா?"

"கோவிச்சுக்காத, தங்கச்சி. நாளைக்குச் சொல்லிடறேன்" என்றார் தியன் பணிவாக.

மறுநாள் சொன்னார்: "பச்சைக் காக்கா!"

கணக்கெடுப்பு மூன்று நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெயரைச் சரியாகச் சொல்லியிருந்தார்கள். மகிழ்ச்சி தாங்காமல் பெய்ஹுவா அதை அப்படியே ஒலிபரப்பினாள்.

அடுத்த நொடி தொலைபேசி மணி அடித்தது.

"வெள்ளை நாரை வானொலி!" என்றார் தியன், ஒரு திணறலும் இல்லாமல்.

நிகழ்ச்சி முடிந்ததும் அரிசி மூட்டையோடு அவர் கடைக்குப் போனாள்.

"ஒருவழியா மண்டையில ஏறிடுச்சா, அண்ணே?"

"முதல்ல சூப்பைக் குடி, தங்கச்சி. அப்புறம் ஒண்ணு. இனிமே மேலாளர் கத்த வந்தா மைக்கை அணைச்சுடு. அன்னைக்கு சந்தை முழுக்கக் கேட்டுச்சு."

கிண்ணத்தை வாங்கியவள் திகைத்து நிமிர்ந்தாள். அவர் தலைக்கு மேலே நாட்காட்டி. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் ஒரு பறவையின் பெயர். சொல்லி முடித்ததையெல்லாம் அடித்திருந்தார்.

இன்றைய கட்டத்தில் 'மொட்டைப் பருந்து' அடிபடாமல் காத்திருந்தது.