தேயாத இடம்

பழைய பேஸ் கிதார் கைக்கு வந்தால் முதலில் தேய்மானத்தைத்தான் பார்ப்போம். முன்பு வாசித்தவன் எப்படிப்பட்டவன் என்று மரமே சொல்லிவிடும். எங்கள் குழுவில் பேஸ் வாசிக்கும் குனிஹிகோ நாகோயாவில் வாங்கிவந்த 1966ஆம் வருடத்து பேஸில், இடது கையின் மூன்று விரல்கள் பட்ட இடமெல்லாம் குழிந்திருந்தது. மோதிர விரல் பட வேண்டிய இடம் மட்டும் புதிது போல மினுங்கியது.

"வாசிச்சவனுக்கு ஒரு விரல் இல்லடா," என்றேன்.

"இருந்தும் உன் டிரம்ஸைவிட நல்லாத்தான் வாசிச்சிருப்பான்."

ஞாயிறு மதியம் யோகோஹாமாவில் கச்சேரி. போன மாதம் சப்போரோவில் ஒரு விதவையிடம் வாங்கிய பழைய காரில் என்னை ஏற்றிக்கொண்டு போனான். பெட்ரோல் போட நின்றபோதுதான் ஸ்டியரிங்கைக் கவனித்தேன். இடது கை பிடிக்கும் இடத்தில் மூன்று விரல்களின் தேய்மானம். நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு அப்படியே இருந்தது. "இங்கயும் அதே விரல் இல்லடா, அதே ஆளா?" என்றேன்.

"நாகோயா எங்க, சப்போரோ எங்க? உளறாதடா," என்று குனிஹிகோ, கார் ஓட்டப் போட்டிருந்த தோல் கையுறையை இடது கையிலிருந்து கழற்றி விரல்களை விரித்துக் காட்டினான். "எண்ணிக்கோ. அஞ்சு."

எண்ணினேன். ஐந்துதான்.

அன்று வாசித்தது போல அவன் என்றுமே வாசித்ததில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வெளியே வந்ததும் வழக்கம்போலக் கையுறைகளை மாட்டிக்கொண்டு காரைக் கிளப்பினான்.

"இது எப்போடா இவ்வளவு லூசாச்சு?" என்றான், கையுறையைப் பார்த்து.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இடது கையில் மோதிர விரலின் உறை மட்டும் காலியாகத் தொங்கி, ஜன்னல் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.