ராங் நம்பர் கூட வராத போன்

"சத்தியமா திருட்டுப் பயதான் மேடம். இல்லேன்னா மூணு வாரத்துல ஒரு ராங் நம்பர் கூடவா வராது?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜை ஓரத்தில் வைத்தார். இங்கே பேரம் படிய நேரமாகும் என்று அவருக்குத் தெரியும்.

எதிரே இருந்த அம்மாளுக்குப் போலீஸ் வட்டாரத்தில் 'கஞ்சக் கையெழுத்து' என்று பெயர். எந்தப் போலீஸ்காரர் யாருடைய போன் விவரத்தைப் பார்ப்பதானாலும் முதலில் அவர் சம்மதிக்க வேண்டும். அவர் போலீசுக்கும் சொந்தமில்லை, போன் கம்பெனிக்கும் சொந்தமில்லை. இரண்டு பக்கத்துக் கல்யாணத்துக்கும் போகக் கூடாது, யார் கையாலும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது விதி.

மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு ஜன்னல், எதிரே ஒரு நாற்காலி. அதில் வந்து உட்காருகிறவர்கள் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால், அடுத்த மூச்சில் ஒரு மனு வெளியே வரும்.

"முழுசா சொல்லுங்க" என்றார் அம்மாள்.

"இந்த ஆபீசுக்குப் பின் தெருவுல செம்புக் கம்பிக் கிடங்கை உடைச்சாங்களே, அதுதான். அந்த டவர்ல இருந்த நம்பர்களுக்கும் அதுங்களோட கால் கணக்குக்கும் போன வாரம் நீங்கதான் அனுமதி குடுத்தீங்க. பேரு குடுக்கல. அதுல ஒரு நம்பர், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காலையில வருது, சாயங்காலம் போகுது. ஒரு கால் போகல, ஒரு கால் வரல. உக்காந்து நோட்டம் பாக்கறான் மேடம்!"

மனுவில் அந்த எண்ணின் மேல் கறுப்பு மை பூசியிருந்தது. எண் தெரிந்தால் ஆள் தெரியும், ஆள் தெரிந்தால் தராசு சாயும் என்று அம்மாளே கேட்டு வாங்கிய ஏற்பாடு.

"அந்தப் பக்கம் வேலை பாக்கறவங்க எல்லாரும் காலையில வந்து சாயங்காலம்தான் போவாங்க. அத்தனை பேரையும் உள்ள வெப்பீங்களா?"

"ஒருத்தன் போதும் மேடம். பேரு, விலாசம், அடையாள அட்டை, ஆறு மாசமா எங்கெங்க போனான்..."

"கடையையே கேக்கறீங்க. எழுதி வெச்சிரட்டுமா?"

"மூணு மாசம்?"

"ம்ஹூம்."

"ஒரு மாசம்? சரி, விடுங்க. பேரும் விலாசமும் மட்டும். இதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

மேஜை இழுப்பறைக்குள் போன் கத்தியது. அம்மாள் கையை விட்டு அதை அடக்கினார்.

"வீட்லேர்ந்தா மேடம்? பேசுங்க, நான் வெளிய நிக்கறேன்."

"மாத்திரை அலாரம்." ஒரு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். "உங்க ஆளுக்கு வருவோம். கால் வரலேங்கறது ஒரு குத்தமா?"

"லோன் வேணுமான்னு கூடவா ஒருத்தன் கேக்க மாட்டான்?"

"விளம்பரம் வேண்டாம்னு பதிஞ்சு வெச்சா வராது."

"அக்கா, தங்கச்சி, மாமன், மச்சான்? வேண்டாம், சண்டை போடறதுக்குக் கூடவா ஒரு ஆள் இருக்காது?" இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "பொழுதன்னைக்கும் ஊரோட கால் கணக்கைப் பாக்கறவங்க நீங்க. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. மூணு வாரம் யாரோடவும் பேசாத ஒரு யோக்கியனைப் பாத்திருக்கீங்களா?"

அம்மாள் யோசித்துப் பார்த்தார். வீட்டை விட்டு ஓடியவன் கூட, ஓடின இடத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டிருந்தான். ஜெயிலிலிருந்து வந்தவனுக்கு வந்த அன்றே நாலு பேர் போன் செய்திருந்தார்கள்.

"பாத்ததில்ல" என்றார்.

"அவ்வளவுதான் மேடம்!"

"கையெழுத்துப் போட்டா என்ன பண்ணுவீங்க?"

"விடிஞ்சதும் போய்க் கதவைத் தட்டுவோம்."

"அக்கம்பக்கம் பாக்குமே."

"பாத்தாப் பாக்கட்டும். வெக்கப்படறதுக்கு அவனுக்கு யாரு இருக்கா?"

அம்மாள் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு பேருக்கும் விலாசத்துக்கும் மட்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். கஞ்சக் கை மறுபடி மூடிக்கொள்வதற்குள், இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

அந்த அவசரத்தில் தொப்பியை மறந்துவிட்டார்.

"சார்!" என்று அம்மாள் கூப்பிட்டது காலி வராந்தாவில்தான் போய் விழுந்தது. மேஜை போனை எடுத்தால் உயிரில்லை. கீழே ஆபரேட்டர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் அது வெறும் பேப்பர் வெயிட்தான்.

மனுவின் அடியில் இன்ஸ்பெக்டரின் எண் இருந்தது. அம்மாள் இழுப்பறையைத் திறந்து, தன் பழைய போனை எடுத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். எதற்கு அடுத்து எதை அழுத்துவது என்று கை கொஞ்சம் தடுமாறியது.

கீழே படிக்கட்டில் மணி அடிப்பது கேட்டது. இறங்கிக்கொண்டிருந்த பூட்ஸ் சத்தம் நின்றது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அப்புறம் பூட்ஸ் மெதுவாக மேலே ஏறி வந்தது.

"போனை எடுக்கறதுக்கென்ன? இந்தாங்க, உங்க தொப்பி" என்றார் அம்மாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை வாங்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார். பையிலிருந்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக, எதுவும் கேட்காமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த நம்பர்லேர்ந்து இப்பத்தாம்மா முதல் கால் வந்துச்சு."