ஏழு மணிக் கோளாறு

"உங்க புரோகிராம் ஒழுங்கா இருந்தா, தினமும் காலையில எதுக்கும்மா தொடர்பு அறுந்து போகுது?"

யாதிரா வந்து இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டார் தோன் எவரிஸ்தோ. கயாம்பே ஊர் ரோஜாப் பண்ணையின் மேனேஜர். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

புதிதாய் வேலைக்குச் சேர்ந்த அவளிடம் தலைநகர் கீட்டோவிலுள்ள தலைமை அலுவலகம் ஒப்படைத்த முதல் வேலை இது. "கண்டுபிடிக்கலேன்னா திரும்பி வராதே" என்று பாதி விளையாட்டாகத்தான் சொல்லி அனுப்பினார்கள். மீதிப் பாதிதான் அவளுக்குப் பயம்.

பண்ணைக்கு வரும் பெண்கள் வாசலில் மெஷினில் விரல் வைப்பார்கள். ஏழு மணிக்கு அந்த வருகைப் பட்டியலை இங்குள்ள புரோகிராம் கீட்டோவிலுள்ள புரோகிராமுக்கு அனுப்பும். அதில் பேர் இல்லாதவள் அன்று வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் ஃபைல் பாதி போகும்போதே லைன் அறுந்துவிடுகிறது. மறுபடி இணைந்ததும் புதிதாகப் பட்டியல் எடுத்து, முதலிலிருந்து அனுப்புகிறது.

யாதிரா பகல் முழுக்க மோடத்தைப் பார்த்தாள், செட்டிங்கைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அறுபடுவது இந்தப் பக்கம்தான் என்பது மட்டும் தெரிந்தது.

"கேபிளை மாத்தினியா?"

"மாத்திட்டேன் சார்."

"பெரிய படிப்பு படிச்ச பொண்ணுன்னு அனுப்பினாங்க" என்று முனகிக்கொண்டே போனார்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் அறையில் பூப்பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். ஃபைல் போக ஆரம்பித்தது. யாரோ விறுவிறுவென்று உள்ளே வந்து கேபிளைப் பிடுங்கினார்கள்.

எவரிஸ்தோ.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "நேத்து பூரா என்னைக் காய்ச்சி எடுத்தீங்களே சார், நியாயமா இது?"

அவர் அசரவில்லை. "கொஞ்சம் பொறும்மா" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

எதிர்ச்சாரியிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். ஒருத்தி கையில் குழந்தையின் கம்பளிக் குல்லா. கொடுக்க மறந்திருப்பாள். கடைசி ஆள் விரல் வைத்ததும் கேபிளைத் திரும்பச் செருகினார்.

உடனே ஜன்னல் வழியே கத்தினார். "இது என்ன உங்க மாமியார் வீடா, நினைச்ச நேரத்துக்கு வர்றதுக்கு?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "எதிர்ல இருக்கிற குழந்தைக் காப்பகம் ஏழு மணிக்குத்தான் திறக்கும். பிள்ளைய விட்டுட்டுதானே வரணும்? கீட்டோல கேட்டுப் பாத்தேன். ஏழு மணியை மாத்த முடியாதுன்னுட்டாங்க."

"அப்புறம் எதுக்குப் புகார் குடுத்தீங்க?"

"தினம் லைன் அறுந்தும் மேனேஜர் சும்மா இருந்தா, முதல்ல யாரைச் சந்தேகப்படுவாங்க?"

போன் அடித்தது. கீட்டோ.

"என்ன யாதிரா, கோளாறு தெரிஞ்சுதா?"

எவரிஸ்தோ முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சுது சார்" என்றாள் யாதிரா, எதிரே காப்பகத்தின் கதவைப் பார்த்தபடி. "ரெண்டு பக்கத்து நேரமும் ஒத்துப்போகலை. இங்கேருந்து அனுப்புறதைக் கால் மணி நேரம் தள்ளி வெச்சுடறேன். இனிமே அறுந்து போகாது."